பாடாத வாய்க்கு மகிழ்ச்சி ஏது?

கிறிஸ்தவர்கள் கோயிலுக்குப் போவது ஜெபிக்கவா, பாடவா என்று மாணவ நண்பர்கள் சிலர் என்னை வினவுவதுண்டு. வேடிக்கையாகக் கேட்கப்படும் இவ்வினாவுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. வழிபாடு வேறு, பாட்டு வேறு. வழிபாடு சோறு என்றால் பாட்டு வெறும் ஊறுகாய் என்பதே அக்கருத்து. இதனை நான் ஏற்பதற்கில்லை. பாட்டே வழிபாடு. அதிலும், பிறர் பாடக் கேட்பதன்று. தானே வாய் திறந்து, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து பாடுவதே வழிபாடு. இறைவனிடத்தில் மனிதன் மகிழ்ச்சி அடைவதற்கு அதைவிட நேரான வழி இல்லை என்பது என் துணிபு.

தமிழருக்கு இது புதுச் செய்தியன்று. தேவாரம் இன்றும் ஓதுவார் வாயில் பண்ணோடு வாழ்கிறது. திருவரங்கத்தில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடியும் அபிநயித்தும் சேவிக்கின்றனர். இறைவனைப் பற்றிப் பேசியதோடு நின்றுவிட நம் முன்னோருக்கு மனம் வரவில்லை. பாடிய பிறகே நெஞ்சம் நிறைந்தது. கிறிஸ்தவம் நம் மண்ணில் வேர்விட்டபோது அந்த வேருக்கு நீர் வார்த்ததும் பாட்டுத்தான்.

அந்தப் பாட்டு இரு வழிகளில் வந்தது. ஒரு வழி கடல் கடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் மக்கள் பேசும் மொழியிலேயே பாட்டெழுதி, கோயிற்பாட்டைப் பொதுமக்கள் வாயில் வைத்தார். 1524இல் அப்பாட்டுகள் அச்சேறின. அவர் மரபில் வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ்ச் சொற்கள் ஏறி அமர்ந்தன. ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் நாம் பாடுவன அவ்வழி வந்தவையே.

மற்றொரு வழி நம் மண்ணிலேயே ஊறியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளைப் பாடித் தந்தார். குற்றாலத்துக்கு ஒரு குறவஞ்சி இருப்பதுபோல் பெத்லகேமுக்கும் ஒரு குறவஞ்சி பாடினார். சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்ற புலவர் அவர். ஆயினும் அவர் பாட்டு அரண்மனையோடு நின்றுவிடவில்லை. இன்றும் சிற்றூர்க் கோயில்களில் அது ஒலிக்கிறது. கீர்த்தனையின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவர் சரணத்தை எடுத்துப் பாடுகிறார். சரணம் முடிந்ததும் சபையார் அனைவரும் பல்லவிக்குத் திரும்புகின்றனர். பல்லவி சிறியது, அதற்கு ஏடும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. அன்றுதான் வந்த புதியவனும் மூன்றாம் முறை அதைப் பாடும்போது வீட்டுக்காரனாகி விடுகிறான்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவு திறந்தது. இலத்தீன் ஒலித்த பலிபீடத்தின் அருகே தமிழும் ஒலிக்கத் தொடங்கியது. பொருள் உணர்ந்து பாடுகிறவனின் மகிழ்ச்சி, பொருள் அறியாது கேட்டு நிற்பவனுக்கு எப்படி வரும்?

மகிழ்ச்சி என்றதும் கவலையற்ற வாழ்வு என்று கொள்ள வேண்டா. பவுலும் சீலாவும் பிலிப்பி நகரச் சிறையில் கிடந்தனர். அடிபட்ட உடம்பு, தொழுமரத்தில் மாட்டிய கால்கள். நள்ளிரவில் அவர்கள் பாடினர். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தனர். விடுதலை பின்னர் வந்தது. பாட்டு முன்னரே வந்துவிட்டது! தேர்வில் தவறியவனும் வீட்டுத் துயரைச் சுமந்து வந்தவனும் ஞாயிற்றுக்கிழமை பாடுவது இதனாலேதான். பாடினால் துயரம் பறந்துவிடுவதில்லை. ஆனால் துயரத்தில் தான் தனியன் அல்லன் என்பது தெரிகிறது.

இத்தகைய மகிழ்ச்சிக்கு இன்று இரண்டு பகைகள் உள்ளன. ஒன்று மேடை. கருவிகளும் ஒலிபெருக்கியும் பெருகப் பெருக, பாடுவோர் சிலராகவும் பார்ப்போர் பலராகவும் ஆகி வருகின்றனர். கருவிகள்மீது எனக்குப் பகை இல்லை. சபையின் குரலைத் தூக்கிப் பிடிக்கும் கருவி நன்று; அக்குரலை மூழ்கடிக்கும் கருவி எதற்கு?

மற்றொன்று சாதி. இதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். நான் போற்றும் அதே சாஸ்திரியார், கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை மாற்ற முனைந்த மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகி நின்றனர். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதியால் பிரிந்து கிடக்கிறது. ஒரே பல்லவியைப் பாடிய வாய்கள் ஒரே பந்தியில் உண்ண மறுக்குமானால், அந்தப் பல்லவிக்கு என்ன பொருள்? நீதியற்றவர்களின் பாட்டு இறைவனுக்கு வெறும் இரைச்சல் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி அன்றே இடித்துரைத்தார். புலவரின் பாட்டை ஏற்போம். அவருடைய பிரிவினையை ஏற்க மாட்டோம்.

நண்பர்களே, வடபுலத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்திருக்கிறோம். பாபிலோனுக்குச் சிறையாகச் சென்ற யூதர், அந்நிய நாட்டில் எங்ஙனம் பாடுவோம் என்று யாழை மரத்தில் மாட்டிவிட்டு அழுதனர். நமக்கு அந்நிலை இல்லை. இது நம் நாடு. ஆயினும் இங்கே பெரும்பாலும் ஆங்கிலமோ இந்தியோதான் கோயிலில் ஒலிக்கிறது. நம்மவர் பலர் வாய் மூடி நின்றுவிட்டு விடுதி திரும்புகின்றனர். அம்மௌனம் வேண்டா. அவர்களுடைய பஜனையை நாமும் கற்றுப் பாடுவோம். நம் கீர்த்தனை ஒன்றை அவர்களுக்கும் கற்றுக் கொடுப்போம். மாதம் ஒரு மாலை நம் சங்க அறையில் கூடுவோம். தேவாரம் அறிந்தவர் தேவாரம் பாடட்டும். பாசுரம் அறிந்தவர் பாசுரம் பாடட்டும். நாங்கள் கீர்த்தனை பாடுகிறோம். ஒரே ஒரு விதி போதும்: கேட்பதற்கென்று மட்டும் எவரும் வரலாகாது. குரல் இனிமையில்லையே என்று தயங்குவோரே முதலில் வருக! பல்லவி உங்களுக்காகவே இருக்கிறது.