எழுத்து கொஞ்சம் நல்லா போடுப்பா!

வைகாசி பிறந்துவிட்டால் டி.டி.பி. சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, நடுவில் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். எந்த ஊர் சென்டராக இருந்தாலும் அங்கே காதில் விழும் பேச்சு ஒன்றுதான்.

“தம்பி, எழுத்து கொஞ்சம் நல்லா போடுப்பா.”

“எப்படிக்கா வேணும்?”

“அதான்ப்பா... நல்லா, பளிச்சுனு.”

தம்பி எழுத்தைப் பெரிதாக்குவார். இவ்வளவு வேண்டாம் என்பார் அக்கா. குறைத்தால் தாத்தாவுக்குத் தெரியாதே என்பார். நாலு சுற்று முடிந்ததும் “சரி, இதே இருக்கட்டும்” என்று கிளம்பிவிடுவார். ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்த பிறகு பார்த்தால் மாப்பிள்ளை ‘கண்ணன்’ பெயரில் கடைசிப் புள்ளி எழுத்தோடு ஒட்டி, ‘கண்ணன’ ஆகியிருக்கும்.

இதே அக்கா புடவைக் கடையில் இப்படிப் பேசுவாரா? முந்தி இவ்வளவு அகலம், பார்டர் ஒரு சாண், உடம்பில் புட்டா வேண்டாம், ஜரிகை மங்கலாக இருக்கட்டும் என்று அடுக்குவார். வார்த்தை கைவசம் இருப்பதால் கேட்டது கிடைக்கிறது. எழுத்துக்கு மட்டும் ‘நல்லா’ என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லோரும் திண்டாடுகிறோம். இத்தனைக்கும், எழுத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. அ-னா, ஆ-வன்னா படித்த நாளிலேயே பாதி சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

சுழி, கால், கொம்பு, புள்ளி. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. ‘கா’வில் நிற்பது துணைக்கால். ‘கெ’ என்றால் ஒற்றைக்கொம்பு, ‘கே’ என்றால் இரட்டைக்கொம்பு. ‘கி’க்கு மேலே வளைவது மேல்விலங்கு, ‘கீ’யில் அதுவே சுழித்துக்கொண்டால் மேல்விலங்குச் சுழி. எழுத்துக்கு அடியில் இறங்கும் உகரக் குறிகளுக்குக் கீழ்விலங்கு என்றும் கீற்று என்றும் பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் டிசைன் கல்லூரிக்குப் போய்த்தான் எழுத்தின் உடற்கூறு படிக்க வேண்டும். நம் ஊரில் அது ஒன்றாம் வகுப்புப் பாடம்! “தம்பி, மூணு சுழி அடைச்சுக்கிட்டு ரெண்டு சுழி மாதிரி தெரியுதே” என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று உடனே புரிந்துவிடும்.

மீதி வார்த்தைகள் அச்சகத்திலிருந்து வந்தவை. ‘ஃபான்ட்’ என்பதே உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தை உருக்கி ஒவ்வொரு எழுத்தாக வார்த்த காலத்தின் நினைவு அது. தமிழில் எழுத்துரு என்கிறோம். ஒரே சாயலில் மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என்று பல பிள்ளைகள் இருந்தால் அது எழுத்துருக் குடும்பம். எவ்வளவு தடிப்பு என்பதற்கு ‘வெயிட்’ என்று பெயர்.

கண்ணனின் புள்ளி காணாமல் போனதற்குக் காரணம் இந்த வெயிட்தான். தடித்த பிள்ளை இல்லாத குடும்பத்தில் ‘போல்டு’ பட்டனை அழுத்தினால், மென்பொருள் தானாகவே எழுத்தைச் சுற்றிலும் ஊதிப் பெரிதாக்கும். சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி தலையோடு ஒட்டும். இதற்குப் பொய் போல்டு என்று பெயர். நிஜ போல்டில், எழுத்தை வரைந்தவர் உட்கார்ந்து சுழிக்குள் வெளிச்சம் விட்டு, புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருப்பார். ஆகவே “போல்டு பண்ணுங்க” என்பதைவிட, “இந்த ஃபான்ட்டிலேயே தடிச்ச வெயிட் இருக்கா?” என்று கேட்பது நல்லது. ஓலைச்சுவடியில் குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எங்கே புள்ளி வரும் என்று படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அச்சு வந்து, கம்ப்யூட்டரும் வந்த பிறகு புள்ளியைத் தொலைப்பது நியாயமில்லை.

அடுத்தது வரி இடைவெளி. அச்சுக்கோர்ப்பவர்கள் இரண்டு வரிகளுக்கு நடுவில் மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார்கள். ஈயத்தின் ஆங்கிலப் பெயரான ‘லெட்’டிலிருந்துதான் ‘லெடிங்’ வந்தது. பல டிசைன் மென்பொருள்கள் எழுத்தின் அளவைப் போல 120 சதவிகிதத்தைத் தானாக வைத்துக்கொள்ளும். 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட். (72 பாயின்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம்.) ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்கோ மேலே விலங்கு, கீழே விலங்கு. மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யை இடித்துக்கொண்டு நிற்கும். “லெடிங் கொஞ்சம் கூட்டுங்க, ஒண்ணரை மடங்கு வெச்சுப் பாருங்க” என்று ஒரு வரி சொன்னால் பத்திரிகையே மூச்சு விடும். தாத்தாவுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் கூட்ட வேண்டியது இதைத்தான், எழுத்தின் அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டு இடைவெளிக்கு இரண்டு வார்த்தை. குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் சரிசெய்தால் கெர்னிங், வரி முழுக்கச் சீராக விரித்தாலோ நெருக்கினாலோ டிராக்கிங். இரண்டாவதில் தமிழுக்கு ஆபத்து உண்டு. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஸ்டைலாக இருக்கும். அதைப் பார்த்துத் தமிழிலும் செய்தால், துணைக்கால் தன் எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கும். பல ஃபான்ட்களில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ‘காலம்’ என்று எழுதியது ‘கரலம்’ என்றாகிவிடும். கடைப் பெயர்ப்பலகையில் இது நடந்தால் வருடக் கணக்கில் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதைவிடக் கொடுமை நசுக்குவது. பெயர் நீளம், இடம் குறைவு என்றால் மவுஸால் பிடித்து அமுக்கிவிடுவார்கள். குத்துக்கோடுகள் மெலிந்து, படுக்கைக்கோடுகள் தடித்து, எழுத்து பட்டினி கிடந்தது போலாகும். இதற்கென்றே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துகள் உண்டு, பெயர் ‘கண்டென்ஸ்டு’. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய அனெக் தமிழ் என்ற எழுத்துருவில் ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை அத்தனை அளவும் வரைந்தே வைத்திருக்கிறார்கள். இலவசம் வேறு.

சாய்வெழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தமிழில் அதற்குப் பெரிய மரபு இல்லை, பட்டனை அழுத்திச் சாய்த்தால் கீழே விழப்போகிற மாதிரிதான் இருக்கும். சாய்ந்த கையெழுத்து அழகு வேண்டுமென்றால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் இருக்கிறது. பிறப்பிலேயே சாய்வானது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். தமிழ் அச்சேறிய நாள் முதலே இதே கவலைதான். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. அடுத்த நூற்றாண்டும் கழிந்து, தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்று தீர்த்தன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பாயின்ட் அளவு என்பது பணக் கணக்கும்கூட என்பதை அன்றே அனுபவித்துவிட்டார்கள். ஈய எழுத்துக் காலத்தில் வடிவம் கூடக் கூட அச்சுக்கோர்ப்பவரின் பெட்டியில் அறைகளும் கூடும். துதிக்கை வைத்த பழைய லை, ளை, ணை, னை எல்லாம் தனித்தனி அச்சு. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் அவற்றை மாற்றி எழுதத் தொடங்கினார். தமிழக அரசு 1978-ல் அதே வகைச் சீர்திருத்தத்தை ஏற்றது. வீட்டில் பழைய வார இதழ் பைண்டிங் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பக்கமெங்கும் யானைகள் நடக்கும்.

இனி கைக்கு உதவும் சங்கதிகள். வரையப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக்காட்டலாம்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் வரிசையாக வந்து நிற்கும். நீளமாகப் படிக்க நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர். பிள்ளைகளின் பிறந்தநாள் அழைப்புக்கு உருண்டு திரண்ட பலூ தம்பி. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் குடும்பத்தில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது வெயிட். மேலே சொன்ன பொய் போல்டு தொல்லைக்கு இதுவே நல்ல மருந்து. இவை திறந்த உரிமத்தில் வருபவை. பத்திரிகை, போர்டு, விற்பனைக்கான புத்தகம் எதில் வேண்டுமானாலும் காசில்லாமல் போடலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இணையத்தில் வேறு எங்காவது ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்’ என்று எழுதியிருந்தால் கவனம். அதைக் கடை லோகோவில் வைத்தால் பின்னால் ஒரு நாள் பில் வரலாம்.

வரைவதற்கு கிரிட்டா, படத்தைத் திருத்த கிம்ப், லோகோவுக்கு இங்க்ஸ்கேப், சொந்தமாக எழுத்துரு செய்ய ஆசைப்பட்டால் ஃபான்ட்ஃபோர்ஜ். நான்கும் கம்ப்யூட்டருக்கானவை, நான்கும் இலவசம். போட்டோஷாப், இன்டிசைன் வைத்திருப்பவர்களுக்குத் தமிழில் தட்டியதும் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பயப்பட வேண்டாம். அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதை மாற்றிவிட்டால் கொம்பு முன்னால் வந்துவிடும்.

பார்த்துப் பழகுவதற்கு நல்ல எழுத்து வேண்டுமே! சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களும் இதழ்களும் காத்துக் கிடக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் போனிலேயே புரட்டலாம். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். தமிழ் எழுத்தை எவ்வளவு வளைத்தாலும் படிக்கும்படி வைத்திருக்க முடியும் என்பது அதில் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது வரும் தகராறுகள் தனி ரகம். போனில் யூனிகோடில் அடித்து அனுப்பிய விஷயம் சென்டரின் பழைய ஃபான்ட்டில் கொத்துக் கொத்தாகக் குறியீடுகளாகத் தெரியும். எழுத்துருவின் உள்ளே எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வேறு வேறு என்பதுதான் விஷயம். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்தே ஆக வேண்டும், முக்கியமாகப் பெயர்களையும் கிரந்த எழுத்துகளையும். வடிவமைப்பு முடிந்ததும் “கர்வ்ஸ் பண்ணிக் கொடுங்க” என்று கேட்கலாம். எழுத்து படமாக மாறிவிடும், பிரஸ்ஸில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் கலையாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், கர்வ்ஸ் செய்யாத ஃபைல் ஒன்றும் பத்திரமாக இருக்கட்டும்.

நிறத்திலும் ஏமாற்றம் வரும். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரஸ் நான்கு மையால் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சையும் கத்தரிப்பூ ஊதாவும் காகிதத்தில் அடங்கித்தான் வரும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’டாக அனுப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்து “பார்த்து ஓகே சொல்லுங்க” என்று திரையில் காட்டுவார்கள். ஓகே சொல்லிவிடாமல், நிஜ அளவில் ஒரு காகிதத்தில் பிரின்ட் எடுத்துக் கேளுங்கள். அதை வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பெயர்களை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதிவிடுங்கள்: புள்ளி ஒட்டுது, சுழி அடைக்குது, கால் தள்ளி நிக்குது. எழுத்துருவின் பெயரையும் அந்தக் காகிதத்திலேயே தம்பியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வளைகாப்புப் பத்திரிகைக்கு வேண்டியிருக்கும்.