வட்டி குறைந்தது, கடன் கனத்தது

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.50 சதவீதத்திலேயே நிறுத்திவைப்பது என்று அதன் நிதிக் கொள்கைக் குழு 2025 அக்டோபர் 1ஆம் தேதி எடுத்த முடிவு அன்றைக்கே தவறு. நவம்பர் 12இல் வெளியான புள்ளிவிவரம் அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிவிட்டது. அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். அப்போதைய விலைக் குறியீட்டு வரிசையில் அதுவரை இதைவிடக் குறைவான அளவு பதிவானதே இல்லை. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று தவணைகளில் ஒரு சதவீதம் குறைத்தாயிற்று, அதன் பலன் முழுதாக இறங்கட்டும் என்பது குழு சொன்ன சமாதானம். குறைத்தது உண்மைதான். கடன் வாங்கியவருக்குச் சுமை குறைந்ததா என்பதுதான் கேள்வி.

கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது பெயரளவு வட்டி. அதிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது மெய் வட்டி. கடன்காரரின் உழைப்பிலிருந்து உண்மையில் போவது இதுதான். 2024 அக்டோபரில் ரெப்போ 6.50 சதவீதம், பணவீக்கம் 6.21 சதவீதம், மெய் வட்டி ஏறக்குறைய 0.3. ஓராண்டு கழித்து ரெப்போ 5.50, பணவீக்கம் 0.25, மெய் வட்டி 5.25. அறிவிப்பில் ஒரு சதவீதம் இறங்கிய வட்டி, கணக்கில் ஐந்து சதவீதம் ஏறியிருக்கிறது. 2024இன் விலை உச்சத்தோடு ஒப்பிடுவதால்தான் 2025 இவ்வளவு தாழ்வாகத் தெரிகிறது, செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததும் ஒரு காரணம் என்று சொல்லலாம். சொல்லட்டும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் பணவீக்கம் 4 சதவீத இலக்குக்குக் கீழே, 3.2 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

இந்தச் சுமை எல்லார் மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு விலை இறங்கினால் கையில் கொஞ்சம் மிஞ்சும். விளைபொருளை விற்றுக் கடனை அடைப்பவருக்கு அப்படியல்ல. அவருடைய வருமானமே அந்த விலைதான். 2025 அக்டோபரில் உணவுப் பொருள்களின் சில்லறை விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் கீழே இருந்தது. காய்கறி விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஒருவர் 9 சதவீத வட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கும்போது வெங்காயம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கிய கடன் 2,500 கிலோ வெங்காயத்துக்குச் சமம். ஓராண்டில் விலை 30 ரூபாயாக இறங்கினால், 1,09,000 ரூபாயை அடைக்க அவர் 3,633 கிலோ விற்றாக வேண்டும். பத்திரத்தில் 9 சதவீதம். களத்துமேட்டில் 45 சதவீதம். ரெப்போவைக் குறைத்தால் வெங்காய விலை ஏறிவிடாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் விலை சரியும் காலத்தில் வட்டியையும் உயரத்தில் பிடித்துவைப்பது, விழுந்தவர் முதுகில் மூட்டையை ஏற்றுவது.

திருப்பூரிலும் இதே கதைதான். அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபின், ஆர்டரைத் தக்கவைக்க விலையைக் குறைத்துக் கொடுத்த ஏற்றுமதியாளருக்கு வங்கி தன் வட்டியில் தள்ளுபடி தரவில்லை.

குழு இதையெல்லாம் அறியாததல்ல. நேற்றைய பணவீக்கத்தைப் பார்க்கக் கூடாது, வரப்போவதைப் பார்க்க வேண்டும் என்பது அதன் கேடயம். 2026 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பணவீக்கம் 4.5 சதவீதமாகும் என்று அக்டோபரில் கணித்து, அதையும் காட்டித்தான் வட்டிக் குறைப்பை மறுத்தார்கள். அந்தக் கணிப்புகளின் யோக்கியதை என்ன? 2025-26ஆம் நிதியாண்டின் பணவீக்கம் 4.2 சதவீதம் என்றார்கள் பிப்ரவரியில். ஏப்ரலில் அது 4.0 ஆனது, ஜூனில் 3.7, ஆகஸ்டில் 3.1; அக்டோபரில் 2.6. ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் பிழை. ஐந்து அறிவிப்புகளில் தன் எண்ணை நான்கு முறை அடித்துத் திருத்திய குழு, ஐந்தாவது எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாட்டைக் காக்க வைத்தது.

இது புதுப் பழக்கமும் அல்ல. 2018 ஜூனிலும் ஆகஸ்டிலும் விலை ஏறும் என்று அஞ்சி இரண்டு முறை வட்டியை உயர்த்தினார்கள். 2019 ஜனவரியில் பணவீக்கம் 2 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஏற்றியதையும் அதற்கு மேலும் அந்த ஆண்டில் இறக்க வேண்டியதாயிற்று. அதற்குள் வளர்ச்சி தளர்ந்துவிட்டது. பிறகு எதிர்த் திசையில் ஒரு சறுக்கல். 2022-23இல் பணவீக்கம் 4.5 சதவீதம்தான் என்று 2022 பிப்ரவரியில் சொல்லி ரெப்போவை 4 சதவீதத்திலேயே வைத்திருந்தார்கள். மூன்றே மாதத்தில், மே 4ஆம் தேதி, அட்டவணையில் இல்லாத கூட்டத்தைக் கூட்டி அவசரமாக ஏற்றினார்கள். 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆனது. மலிவு வட்டியை நம்பி வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் மாதத் தவணை கூடியதையும், தவணைக் காலம் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டதையும் கண்டன.

2022இல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத வரம்பை மீறியது. அப்படி மீறினால் அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்பது சட்டம். நவம்பர் 3ஆம் தேதி தனிக் கூட்டம் கூடிக் கடிதமும் தயாரித்தார்கள். தவணை கட்டும் மக்களுக்கு அதைக் காட்டவில்லை. ஒரு தவணை தவறியவரின் பெயரைக் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏற்றும் ஏற்பாடு நாட்டில் உண்டு. மூன்று காலாண்டு தவறியவர்களின் விளக்கம் மட்டும் ரகசியம்!

குறைத்த வட்டியாவது எல்லாரையும் எட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2010இல் அடிப்படை வட்டி, 2016இல் நிதி திரட்டும் செலவை ஒட்டிய எம்சிஎல்ஆர், 2019இல் ரெப்போவோடு இணைந்த வட்டி என்று முறையை மாற்றிக்கொண்டே வந்தார்கள். கடைசி முறை வங்கிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. வங்கிசாரா நிதி நிறுவனங்களை அல்ல. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்கள் போய் நிற்பது அந்த நிறுவனங்களில்தான். சிறுகடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். அவற்றில் கடன் வாங்கிய பெண்கள் பலர் 20 சதவீதத்துக்கு மேல் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ரெப்போ 6.50 ஆனால் என்ன, 5.50 ஆனால் என்ன? ஆனால் டெபாசிட்காரருக்கு வட்டியைக் குறைப்பதில் மட்டும் தாமதமே இல்லை. ஜூன் குறைப்பின் சூடு ஆறுவதற்குள் பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

பணவீக்க இலக்கு 4 சதவீதம். மேலே 6, கீழே 2 என்பதே சட்டப்படி அரசு வகுத்த எல்லை. கீழ் எல்லையைத் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் மீறுவதும் தோல்விதான். 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டின் சராசரி அந்த 2 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அக்டோபரும் அதே வழியில் போனது. கணிப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கும் போக்கு மாற வேண்டும். கடன் கட்டுபவரின் மெய்ச் சுமையும் குழுவின் மேசைக்கு வர வேண்டும்.  அக்டோபரில் வட்டிக் குறைப்பைத் தட்டிக் கழித்ததுபோல் இனியொரு முறை செய்ய வேண்டாம்.