ஒலுவிலில் தீயை அளக்க ஒரு கூடம் வேண்டும்

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் அவர்களுக்கு,



2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால், நமது அம்பாறைக் கடலில் ‘நியூ டயமன்ட்’ எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கப்பலில் இருந்த சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயும் பற்றிவிடுமோ என்று கரையோரமே கலங்கியது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் போராடித் தீயை அணைத்தன. அல்ஹம்துலில்லாஹ், அந்த எண்ணெய் எரியவில்லை.

கடலில் எரிந்தால் நாடே திரண்டு வருகிறது. பெருநாள் காலத்தில் கூரை வரை துணி அடுக்கிய கல்முனை பஸார் கடையொன்றில் தீப்பிடித்தால் அது எவ்வளவு வெப்பத்தைக் கக்கும், எத்தனை நிமிடத்தில் பக்கத்துக் கடைக்குத் தாவும்? இதற்கு விடை சொல்லும் அளவீடு நமக்கு வேண்டும். அதற்காகவே இம்மடல்.

பெருந்தீயின் வெப்பத்தை நேரடியாகப் பிடித்து அளக்க முடியாது. அதில் கணிசமான பகுதி நாலாபுறமும் கதிர்வீச்சாகப் போய்விடும். ஆனால் நாம் பாவிக்கும் பெரும்பாலான பொருட்களில் எது எரிந்தாலும், ஒரு கிலோ ஒட்சிசன் செலவானால் ஏறத்தாழ 13.1 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். 1917இல் தோர்ன்டன் என்ற ஆய்வாளர் கண்ட இந்த ஒழுங்கை 1980இல் ஹகெட் என்பவர் தீ ஆய்வுக்கு உறுதிப்படுத்தினார். எரியும் பொருளுக்கு மேலே பெரிய புகைக்கூண்டு வைத்து, குழாய் வழியே போகும் புகையின் ஓட்டத்தையும் அதில் குறைந்துள்ள ஒட்சிசனையும் அளந்தால் போதும். தீயின் வலு மெகாவாட்டில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்டில் 20 மெகாவாட் தீயைக்கூட இப்படி அளக்கிறார்கள்.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்குள்ளேயே தேவைப்படுகிறது. தீச் சோதனைக்கான சர்வதேச நியம அறையின் நீளம் 3.6 மீற்றர், அகலமும் உயரமும் 2.4 மீற்றர், நமது ஊர்ப் படுக்கையறை அளவுதான். அதற்குள் தீ ஒரு மெகாவாட்டைத் தொட்டால் அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பொன்ஜ் பதித்த ஒரு பெரிய சோபா தனியாகவே அந்த அளவைத் தாண்டிவிடும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால், பிளாஸ்டிக் கதிரை மரக் கதிரையை விட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தரும். அணைக்கும் பக்கத்தைப் பார்த்தால், ஒரு லீற்றர் தண்ணீர் முழுதாக ஆவியானால் சுமார் 2.6 மெகாஜூலை உறிஞ்சும். ஆனால் பீய்ச்சும் நீரில் ஒரு பங்குதான் ஆவியாகும். தீயின் வலு தெரியாமல் எத்தனை குழாய், எவ்வளவு தண்ணீர் என்று தீயணைப்புப் படை எப்படித் திட்டமிடும்?

உங்கள் பொறியியல் பீடம் பத்து சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகளை எரித்து அளக்கும் சிறு கருவியோடு தொடங்கலாம். பின்னர் புகைக்கூண்டு அமைக்கலாம். மருதமுனை நெசவுத் துணி, தும்பு மெத்தை, ஸ்பொன்ஜ் மெத்தை, கிடுகு, உட்கூரைப் பலகை என நாம் அன்றாடம் பாவிப்பவற்றையே முதலில் எரித்துப் பார்க்க வேண்டும். பெறுபேறுகளை எளிய தமிழில் மாநகர சபைக்கும் வர்த்தகர்களுக்கும் கொடுக்க வேண்டும். கடைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, துணிக் களஞ்சியத்துக்கு எத்தனை வாசல் என்பதெல்லாம் அந்த எண்களைப் பார்த்தே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

நெருக்கமான வீடுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் நிறைந்த கரையோரம் இது. இங்கு ஓர் உயிர் போன பிறகு விசாரணைக் குழு அமைப்பதை விட, இப்போதே அளந்து வைப்பது நமது கடமை. அடுத்த ஆண்டுக்கான ஆய்வுத் திட்டத்தில் இதைச் சேர்த்து, முதல் பரிசோதனைக்குக் கல்முனைத் தீயணைப்பு வீரர்களையும் அழையுங்கள்.

வஸ்ஸலாம்.

கல்முனைக்குடியிலிருந்து,
ஒரு குடிமகன்