ஒரே மை, இரண்டு நிறம்

நிகழ்ச்சியில் ஒருநாள் 'லிமிடெட் எடிஷன்' அச்சுப் படங்களைப் பற்றிப் பேசினேன். வாட்ஸ்அப்பில் வந்த முதல் கேள்வி: "நாலு சதுரம், மூணு கலர். அதுவும் பிரிண்ட். அதுக்கா இவ்வளவு விலை?"

நியாயமான கேள்விதான். ஏற்கெனவே வரைந்த ஓவியத்தைப் படமெடுத்து, அச்சடித்து, எண் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெரிய தொகை கொடுக்க நான் தயாரில்லை. ஆனால், அச்சுக்கென்றே கலைஞர் உருவாக்கும் படைப்பு வேறு. 50 பிரதிகள் போட்டால் 50ம் அசல்தான்.

கீழே பென்சிலில் 7/50 என்று எழுதியிருக்கும். 50 பிரதிகளில் இது ஏழாம் எண். அவ்வளவுதான். 1/50 உசத்தி, 50/50 மட்டம் என்றில்லை. (நான்கு இலக்க எண்ணுக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இதை யார் நம்புவார்கள்!)

சில்க் ஸ்கிரீன் முறையில் பொதுவாக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. பூவோ முகமோ என்றால் சிறு விலகல் கண்ணுக்குத் தப்பிவிடும். சதுரத்தில் தப்பாது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இரு நிறங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் எட்டிப்பார்க்கும்.

சதுரத்தைப் பற்றிப் பேசினால் ஜோசஃப் ஆல்பர்ஸைச் சொல்லாமல் முடியாது. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்கா சென்றவர். 1950 முதல் 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் வைத்துக்கொண்டே இருந்தார். 1966இல், 78 வயதில், 'ஒயிட் லைன் ஸ்குவேர்ஸ்' என்ற லித்தோகிராஃப் தொடரை வெளியிட்டார். மூன்றே நிறங்கள். நடு நிறத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று சதுரமாக ஓடும். கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் அதே மைதான். ஆனால், நம் கண் சத்தியம் செய்யும், இரண்டும் வேறு வேறு என்று! உள்பக்கத்துக்கு ஓர் அண்டை நிறம், வெளிப்பக்கத்துக்கு இன்னொன்று. அண்டை மாறினால் நிறமும் மாறித் தெரிகிறது.

இதைத் தூரிகையால் செய்திருந்தால், "ஒரு பக்கம் கொஞ்சம் அடர்த்தியாகத் தீட்டியிருப்பார்" என்று சந்தேகப்படலாம். அச்சில் மை ஒரே சீராகப் படிந்திருக்கும். ஏமாறுவது நம் கண் என்பதற்கு அந்தச் சீர்மைதான் சாட்சி. அச்சு இங்கே ஓவியத்துக்கு மலிவான மாற்று இல்லை. அச்சானதால்தான் அந்த வித்தை பலிக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் அந்தத் தொடரை அச்சிட்டுக் கொடுத்தவர் கென் டைலர். 2002இல் நம் ராபர்ட்சன் கீ ஆற்றங்கரையில், பழைய கிடங்குக் கட்டடத்தில் தொடங்கிய எஸ்டிபிஐ அச்சுக்கூடத்தின் பெயரில் உள்ள 'டி' இவர்தான்.

வாங்கும் எண்ணம் இருந்தால் கைப்பேசித் திரையை நம்பாதீர்கள். தாளில் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நேரில் பாருங்கள். வாங்கிய பிறகு, மாலை வெயில் நேராக அடிக்கும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். முதலில் வெளுப்பது பெரும்பாலும் அந்தச் சிவப்பாகத்தான் இருக்கும்.