திறவுகோலும் ஓர் அமானிதம்

ரமளான் பிறை தென்பட்ட இரவில், ஸஹர் நேர அட்டவணைக்காக நம் மஹல்லாவின் இணையதளத்தைத் திறந்தவர்கள் கண்டது '403, அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் ஒற்றை வரியை மட்டுமே. வாடகைக்கு எடுத்த சர்வரில் நாமே நிறுவி நடத்தும் தளம் என்பதால், முறையிட வேறு வாசலும் இல்லை. நிர்வாகக் கடவுச்சொல்லை அறிந்த ஒரே சகோதரர் வளைகுடாவில் பணியில் இருந்தார். அவரைத் தொடர்பு கொள்வதற்குள் ஸஹர் நேரமே நெருங்கிவிட்டது.

404 என்றால் தேடிய பக்கம் அங்கில்லை என்று பொருள். 403 அவ்வாறன்று. கோரிக்கை சர்வருக்குப் புரிந்தது, ஆயினும் அதை நிறைவேற்ற அது மறுக்கிறது. ஆகவே மறுப்பது யார், ஏன் என்பதையே முதலில் ஆராய வேண்டும். வேறொரு கைப்பேசியில், வேறொரு இணைப்பில் தளம் திறந்தால், பாதுகாப்பு நிரல் நம் இணைப்பை மட்டும் தடுத்திருக்கக்கூடும். எவருக்குமே திறக்கவில்லையெனில் சர்வரின் பிழைப்பதிவேட்டைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அதிலேயே இருக்கும். அதன் பிறகே அமைப்புக் கோப்பு, செருகுநிரல்கள், கோப்புகளின் அனுமதிகள் என ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது முறை.

அன்றிரவு நம்மில் ஒருவர் குறுக்குவழி ஒன்றைச் சொன்னார்: "எல்லாக் கோப்புகளுக்கும் 777 கொடுத்துவிடுங்கள், திறந்துவிடும்." அந்த மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், அவருடைய குழுவினர், ஏனையோர் ஆகியோருக்கான அனுமதிகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆகவே 777 என்பது, அந்தச் சர்வருக்குள் நுழைந்துவிட்ட எந்தக் கணக்கும் எதையும் படிக்கலாம், மாற்றலாம் என்று அனுமதிப்பதாகும். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு இது ஒப்பானது. பொதுவாகக் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். கடவுச்சொற்கள் அடங்கிய கோப்புக்கு இதைவிடவும் இறுக்கமான அனுமதி வேண்டும்.

அதே சர்வரில்தான் ஜகாத் கோரி விண்ணப்பித்த விதவைகளின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. கேட்கக் கூசி, நம்மை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். நம் அவசரத்துக்காக அவர்களுடைய மானத்தைத் திறந்து வைக்க நமக்கு ஏது உரிமை?

சகோதரர் அதற்கு இணங்கவில்லை. பதிவேட்டைப் படித்தார். தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது கோப்புறைகள் யாவும் ரூட் என்னும் தலைமைக் கணக்கின் பெயரில், அக்கணக்குக்கு மட்டுமே திறக்கும்படி அமைந்துவிட்டிருந்தன. உரிமையை உரிய கணக்குக்கு மாற்றி, அனுமதிகளையும் சீர்செய்தார். சில நிமிடங்களில் தளம் திறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, கஅபாவின் திறவுகோலை நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்த நிகழ்வை இவ்வசனத்துடன் இணைத்துத் தஃப்ஸீர் நூல்கள் பேசுகின்றன. இன்றளவும் அத்திறவுகோல் அவருடைய குலத்தார் வசமே உள்ளது. உரியவருக்கு மறுப்பதும் அமானித மோசடி, உரிமையற்றவருக்குத் திறந்து விடுவதும் அமானித மோசடி. 403இல் முதலாவதைச் சந்தித்த நாம், 777இல் இரண்டாவதில் விழ இருந்தோம்.

கடவுச்சொல்லை ஒருவர் நினைவில் மட்டும் விட்டுவைத்தது அந்தச் சகோதரரின் குற்றமன்று, நம் அனைவரின் அலட்சியம். கடனையே எழுதி வைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்தச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். சமுதாயத்தின் திறவுகோலுக்கு அது பொருந்தாதா? சர்வர், டொமைன் ஆகியவற்றின் விவரங்களும் புதுப்பிக்க வேண்டிய நாள்களும் எழுதப்பட்டு, முத்திரையிட்ட உறையில் ஜமாஅத் அலுவலகப் பெட்டகத்தில் இருக்கட்டும். பொறுப்பாளர்கள் இருவருக்குத் தனித்தனிக் கணக்குகள் இருக்கட்டும். பொறுப்பு மாறும் நாளில் கணக்குப் புத்தகங்களோடு அவ்வுறையும் கைமாறட்டும், இன்ஷா அல்லாஹ்.