பகலில் எரியும் விளக்கு வீணா?

டூவீலரில் போகும்போது எதிரே வருபவர் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டுவார். ‘லைட் எரியுது, அணைச்சிடு’ என்று அர்த்தம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் அணைப்பதற்குச் சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் எரியும். ஆனாலும் அந்தக் கை ஓயவில்லை. கார்களில் பகலில் தானாக எரியும் டிஆர்எல் விளக்கைப் பற்றியும் இதே பேச்சுதான்: வெயில் ஊருக்கு விளக்கு எதற்கு, பேட்டரிக்குக் கேடு, சும்மா அழகுக்கு வைத்தது. காசு கொடுத்து அதன் வயரைக் கழற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கவே இதை எழுதுகிறேன்.

இது பனிநாட்டு வழக்கம் என்பதில் பாதி உண்மை. பகலிலும் விளக்கு என்ற விதியைப் பின்லாந்து 1972இல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் கொண்டுவந்தது. ஸ்வீடன் 1977இல் ஆண்டு முழுவதுக்கும் ஆக்கியது. ஆனால் வெயில் எல்லாவற்றையும் துலக்கிக் காட்டிவிடும் என்று நினைப்பது தவறு. புளியமரங்கள் கவிந்த சாலையை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் கண் கூசும் வெயில், நூறடி தள்ளிக் கருநிழல். வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு, அந்த நிழலுக்குள் வரும் சாம்பல் நிறக் கார் தாரோடு தாராகத்தான் தெரியும். முன்னால் போகும் லாரியை முந்த வண்டியைச் சற்று வலப்பக்கம் எடுத்து எட்டிப் பார்ப்போமே, அந்த ஒரு நொடியில் நிழலுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மறுபடி இடப்பக்கம் ஒதுங்கிவிடலாம். சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு வரும் காருக்கும் இதே கதைதான். வழி காட்டுவது இந்த விளக்கின் வேலையே இல்லை. எதிரே வருபவருக்கு நம்மைக் காட்டுவதற்காக வைத்தது.

பேட்டரிப் பயத்துக்கு இடமே இல்லை. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்து 110 வாட் இழுக்கும். எல்இடி டிஆர்எல்லுக்கு அதில் சிறு பங்கு போதும். எல்இடி வராத காலத்திலும் வழி கண்டுபிடித்தார்கள். 1989 டிசம்பரில் கனடா புதுக் கார்களுக்கு டிஆர்எல்லைக் கட்டாயமாக்கியபோது, சில கார்களில் இரண்டு ஹைபீம் பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார்கள். பேட்டரியின் 12 வோல்ட் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து, பல்பு மங்கலாக எரிந்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். எல்லாரும் விளக்கோடு வந்தால் விளக்கில்லாத சைக்கிள்காரரும் நடந்துபோகிறவரும் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள் என்பது அது. ஆஸ்திரியா 2005இல் பகலிலும் ஹெட்லைட் போடச் சொல்லி, 2008இல் அதைக் கைவிட்டது. அங்கே எழுந்த முக்கியமான கவலைகளில் இதுவும் ஒன்று. டிஆர்எல்லின் ஒளிக்கு ஐ.நா. வாகன விதி 1,200 கேண்டெலா என்று உச்சவரம்பு வைத்திருப்பதால் அது கண்ணைப் பறிக்காது. அப்படியும் அந்தக் கவலையை முழுக்கத் தள்ள முடியாது.

இந்த விளக்கை ஏசுபவர்களைவிட, அதை முழுக்க நம்புபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ‘அதான் லைட் எரியுதே’ என்று பொழுது சாய்ந்த பிறகும் அதோடே ஓட்டுகிறார்கள். ஒரு ஐப்பசி மழையில், விளக்குப் போடும் நேரம், எனக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார் போனது. முன்பக்க வெளிச்சம் ஈரத்தாரில் பளபளத்தது. பின்பக்கம் ஒரே இருட்டு. அது பிரேக் பிடித்தபோதுதான் சிவப்பைப் பார்த்தேன், பத்தடி இடைவெளியில். பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரியும்போது டெயில் லைட் எரியாது. டாஷ்போர்டு இந்தக் காலத்தில் எந்நேரமும் ஒளிர்வதால் உள்ளே இருப்பவருக்குச் சந்தேகமும் வராது. சுவிட்சை ஆட்டோவில் வைத்திருந்தாலும், கண்ணாடிக்குப் பின்னாலுள்ள சென்சார் பல கார்களில் இருட்டை மட்டுமே அளக்கிறது. மழை மூட்டம் அதற்குப் பகலாகவே படலாம். அப்போது கையால்தான் போட வேண்டும்.

இன்று சாயங்காலம் காரை ஸ்டார்ட் செய்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். சிவப்பு எரியவில்லையா, ஹெட்லைட் சுவிட்சைத் திருகிவிட்டுக் கிளம்புங்கள்.