இறக்குங்க தம்பி

கன்னத்தைக் கட்டையில் பதித்து, பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் அட்டையின் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் டிரிகரைத் தொட்டுவிட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது: "இறக்குங்க தம்பி."

இறக்கினேன். ஏன் என்று கேட்டதற்கு, "ரொம்ப நேரம் பாத்துட்டீங்க. இனி கண்ணு ஏமாத்தும், கை நடுங்கும். இறக்கி, மூச்சு வாங்கிட்டு மறுபடி எடுங்க" என்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ரைஃபிள் கிளப்பில் அவருக்குத் தனிப் பதவி எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், அவ்வளவுதான்.

நாற்பத்து நாலு வயதில் அந்தக் கிளப்பில் சேர்ந்தேன். ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி மாதிரி. அதைத் தேடிப் போகும் ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றது இதே அளவு இலக்கில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இதே பத்து மீட்டரில்தான். நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நம் நெஞ்சு எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று. ஒவ்வொரு துடிப்புக்கும் குழல் முனை ஒருமுறை எழுந்து தணியும்.

துப்பாக்கி எனக்குப் புதிதல்ல. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், தோட்டம். கடலைக் காட்டில் பன்றி இறங்கும். அதற்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. பன்றிக்கு வாங்கியதுதான் என்றாலும் முயலுக்கும் கௌதாரிக்கும் அது போய்வந்திருக்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருவார். எப்போதும் தனியாகத்தான் வேட்டைக்குப் போவார். ஆள் கூட இருந்தால் சத்தம், சத்தம் இருந்தால் உருப்படி ஓடிவிடும் என்பார்.

நான் கல்லூரி முடித்த வருடம், திண்ணையில் உட்கார்ந்து ஒன்றைச் சொன்னார். நாங்களெல்லாம் பிறப்பதற்கு முன்பு நடந்தது. பொழுது சாயும் நேரம், சோளத்தட்டு அசைந்திருக்கிறது. சுட்டார். விழுந்தது பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு. அதற்குப் பத்தடி பின்னால், கையில் குச்சியோடு, அதை மேய்த்த பையன் நின்றிருந்தான். ஆட்டுக்கு விலை கொடுத்துவிட்டார். "பக்கத்துல ஒருத்தன் இருந்து, 'பொறுங்க, நல்லாத் தெரியட்டும்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சுட்டிருக்க மாட்டேன் கண்ணு" என்றார். அவர் போன பிறகு துப்பாக்கியை நாங்கள் அரசிடமே ஒப்படைத்துவிட்டோம். அந்த வார்த்தையை மட்டும் ஒப்படைக்க முடியவில்லை. மெக்கானிக் ஐயா "இறக்குங்க தம்பி" என்றபோது, அப்பாருவுக்கு அன்றைக்குக் கிடைக்காத குரல் எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சுடுகிறவர்கள் ஒன்று கூடினால் இன்னும் அதிகமாகச் சுடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். நீலகிரியின் கதை வேறு மாதிரி. 1877-இல் அங்கே வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். ஆங்கிலேயர்களின் சங்கம். தங்கள் வேட்டைக்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்பதுதான் முதல் நோக்கம், இதை மறைக்க வேண்டியதில்லை. காலங்காலமாகக் காட்டில் வாழ்ந்த மக்களைக் கேட்டு எழுதிய விதிகளும் அல்ல. ஆனாலும் 1879-இல் மதராஸ் அரசு நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் கொண்டுவந்தது. சுடக்கூடாத காலம், உரிமம் என்ற கட்டுப்பாடுகள் மலைக்கு வந்தன. நூறு ஆண்டு கழிவதற்குள் அதே சங்கம் காட்டுயிர்ச் சங்கமாகப் பெயர் மாறியது. அந்த மலையில் வாழ்ந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் வரையாடுகளைப் பற்றிய முன்னோடி ஆய்வில் இறங்கினார். அவர் நினைவாகத்தான் இன்று தமிழக அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் பாறை பாறையாகத் தேடிப்போன ஆடு அது. மாநில விலங்கும் அதுதான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த வேட்டை உரிமங்களுக்கும் 1991-இல் வந்த திருத்தம் முடிவுகட்டியது. அது சரியென்றே நினைக்கிறேன். அப்பாருவும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் சொன்னார். எனக்குக் கவலையெல்லாம் வேறு இடத்தில். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றிருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் வாங்கி, மொட்டை மாடியில் தனியாக நின்று புறாவையும் கிளியையும் குறிவைக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். கிளியைச் சுடுவது குற்றம் என்றுகூட அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களே, முதல் நாள் ஒரு ரேஞ்சுக்குக் கூட்டிப்போங்கள். குழலை எந்தப் பக்கம் வைப்பது, குண்டு போடாதபோது எப்படிக் கீழே வைப்பது, ஆள் முன்னால் போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தனியாக நின்று யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

ஞாயிறு காலை எங்கள் கிளப்பில் ஒரு பல் மருத்துவர் வருவார், நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர் வருவார், இரண்டு விவசாயிகள், நாலைந்து பள்ளிப் பிள்ளைகள். குண்டு டப்பாவைத் திறந்து, விளிம்பு நசுங்கியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளிக்கொண்டே பேசுவோம். டீ வரும். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பது அட்டையிலேயே இருக்கிறது, அதைக் கேட்க மாட்டார்கள். "இன்னிக்கு எத்தன தடவ இறக்குனீங்க?" என்பதுதான் இங்கே கேள்வி. நிறைய இறக்கினேன் என்றால் தலையாட்டுவார்கள். போன மாதம் அறுபது குண்டுக்கு முப்பத்தொரு தடவை இறக்கினேன். அன்றைக்கு நான் எடுத்த மதிப்பெண்தான் இதுவரை என் அதிகபட்சம்.

இந்த வாரம் மெக்கானிக் ஐயா வரவில்லை, பேத்திக்குக் காதுகுத்து. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புதிதாக வந்திருந்தது. ரைஃபிளைத் தூக்கியது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இடது முழங்கை மெல்ல ஆட ஆரம்பித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"இறக்கு கண்ணு" என்றேன்.

இறக்கியது. திரும்பிப் பார்த்தது. இரண்டு மூச்சு வாங்கி மறுபடி எடுத்தது. இந்த முறை முழங்கை ஆடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.